புரட்டாசி முதல் கார்த்திகை வரை: வீட்டு அலங்காரமும் வரவு செலவும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"குறைந்த செலவில் பண்டிகைக் கால வீட்டு அலங்காரம்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஓவியம் வராது, கைவேலையும் சுமார்தான். பி.காம். படித்துவிட்டு 33 வருஷம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவள். எதைப் பார்த்தாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் புத்தி போகும். அதனால் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களில் செல்போனைத் திறந்தால் "இலையுதிர்கால அலங்காரம்" என்று சொல்லி ஆரஞ்சு நிறத்தில் மேப்பிள் இலைத் தோரணம் விற்கிறார்கள். பிளாஸ்டிக் பூசணிக்காயும் உண்டு. நம் சென்னையில் மேப்பிள் மரத்துக்கு எங்கே போவது? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே மரமெல்லாம் பச்சையாகத்தான் நிற்கும். நமக்கு இந்தப் பருவம் சரத் ருது. அதையொட்டி வருவதால்தான் இதற்குச் சாரதா நவராத்திரி என்று பெயர். மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கினால் ஆயுத பூஜை, விஜயதசமி, பிறகு தீபாவளி, கடைசியில் கார்த்திகை தீபம். ஏறத்தாழ இரண்டரை மாதம் வீடு அலங்காரமாகவே இருக்கும். பூசணிக்காயையும் நாம் விடுவதில்லை. ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைத்து, ஸ்கூட்டரில் வருகிறவர்களை வழுக்கி விழ வைக்கிறோம். நம் கேட் வாசலில் உடைக்கிறவர்கள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனால் புண்ணியம்.

செலவு எங்கே எகிறுகிறது என்றால், இந்த மூன்று பண்டிகைக்கும் நாம் மூன்று தனிக் கணக்கு வைக்கிறோம். நவராத்திரிக்கு ஒரு விளக்குச் சரம், தீபாவளிக்கு இன்னொன்று, கார்த்திகைக்குப் புதிதாக அகல். போன வருஷம் வாங்கியது பரணில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாததால் மறுபடியும் வாங்குகிறோம். கணக்குப் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் உழைப்பது முதல் வகை. அன்றைக்கே தீர்ந்து போவது இரண்டாம் வகை. படி, பொம்மை, விளக்குச் சரம், அகல் எல்லாம் முதல் வகை. பூ, சுண்டல், வெற்றிலை பாக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பரிசு இரண்டாம் வகை. இந்தப் பரிசைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் பேச ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

முதலில் படி. மடக்கி வைக்கும் ஸ்டீல் படி வசதியானதுதான், இருப்பவர்கள் தாராளமாக வையுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் அதற்குக் கொடுக்க வேண்டாம். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். மூன்றும் ஒற்றைப்படைதான். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் ஹாலில் மூன்று படியே நிறைவாக இருக்கும். சுவரோடு சேர்த்துச் சாப்பாட்டு மேஜை, அதற்கு முன்னால் டிரங்குப் பெட்டி அல்லது இரண்டு சூட்கேஸ், அதற்கும் முன்னால் டீப்பாய் அல்லது இரண்டு மணைப்பலகை. உயரம் இடித்தால் பழைய தினசரிக் கட்டுகளை அடியில் கொடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஒன்று, எல்லாம் அடுக்கியதும் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பொம்மையை ஏற்றாதீர்கள். மேலே விரிக்க வெள்ளை வேட்டி போதும். எட்டு முழ வேட்டியை மடிப்புக் கலையாமல் மேலிருந்து கீழே இழுத்து, படியின் விளிம்பில் குண்டூசி குத்திவிட்டால் பளிச்சென்று இருக்கும். ஜரிகைத் துணி வேண்டாம் என்று சொல்வேன். பொம்மையை விட அதுதான் கண்ணில் அடிக்கும்.

பின்னால் பட்டுப் புடவையைத் திரையாகக் கட்டுகிறவர்கள் விளக்கைத் தள்ளி வையுங்கள். குத்துவிளக்குத் தரையில், படியிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். சின்த்தடிக் புடவையும் தெர்மகோலும் நொடியில் பற்றிக்கொள்ளும். தெர்மகோலில் கோபுரம் வெட்டி வைக்கிறவர்கள் அதன் பக்கத்தில் எண்ணெய் விளக்கே வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் செய்தாலும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்தது பொம்மை. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பார்கள். ஒன்று என்றால் ஒன்றேதான், செட் என்று அர்த்தமில்லை. கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராம செட் என்று கடையில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். புதிதாக ஒன்று வந்தால் அதை வைக்கப் பரணில் இடம் இருக்க வேண்டும். பரணின் கொள்ளளவுதான் எங்கள் கடன் வரம்பு.

சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் கடை போடுகிறார்கள். கொசப்பேட்டையில் குயவர்களிடமே வாங்கலாம். பூம்புகார் கண்காட்சியில் காஞ்சிபுரம், பண்ருட்டி பக்கத்துப் பொம்மைகளோடு வெளிமாநிலத்துக் கொண்டப்பள்ளி, சென்னப்பட்டணம் மரப்பொம்மைகளும் கிடைக்கும். கடைசி இரண்டு நாளில் போனால் விலை குறையும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது உண்மைதான். ஆனால் செய்தவரே உட்கார்ந்து விற்கிற இடத்தில் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்து, சுட்டு, இரண்டு மூன்று தடவை வர்ணம் அடித்துக் கொண்டுவருகிறார். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் காயவே காயாது. இத்தனை வேலைக்கும் அவருக்கு வருஷத்தில் விற்பனை இந்தச் சில வாரம்தான். சிக்கனமாக இருக்க ஆயிரம் வழி இருக்கிறது, அவர் வயிற்றில் கைவைப்பது அதில் சேராது.

தூக்க முடியாத வயதில் இருக்கிறவர்கள் காகிதக்கூழ் பொம்மை வாங்கலாம். எடை குறைவு, கீழே விழுந்தாலும் மண்பொம்மை போல நொறுங்காது. தண்ணீர் மட்டும் படக் கூடாது. மண்பொம்மையையும் கழுவக் கூடாது, வர்ணம் கையோடு வந்துவிடும். பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். விரல் உடைந்திருந்தால் எம்-சீல் வைத்து, காய்ந்ததும் பேரக்குழந்தைகளின் அக்ரிலிக் வர்ணத்தைத் தொட்டு வைத்தால் போதும். முகத்தை மட்டும் நாம் தொடக் கூடாது. கண்ணுக்கு மை தீட்டப் போய்க் கிருஷ்ணருக்கு மாறுகண் வந்த கதைகள் நம் வளாகத்திலேயே உண்டு.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாள் சுற்றி, பெட்டியின் வெளியே எண் எழுதுங்கள். எண் 1 பெட்டியில் என்னென்ன, எண் 2-ல் என்னென்ன என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். விஜயதசமி முடிந்த கையோடு மழை வந்துவிடும். ஈரம் இறங்கும் சுவரை ஒட்டிய பரணில் வைக்காதீர்கள். மேல் மாடிக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட அழகாகவும் மலிவாகவும் இருப்பது பார்க்தான். குழந்தைகள் முதலில் ஓடுவது அங்கேதான். அகலமான தாம்பாளத்திலோ பழைய பேக்கிங் டிரேயிலோ இரண்டு அங்குலம் மண் பரப்பி, கேழ்வரகு, கடுகு, வெந்தயம் தனித்தனிப் பாத்தியாகத் தூவித் தண்ணீர் தெளியுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்துத் தூவினால் சீக்கிரம் முளைக்கும். வெந்தயம் மூன்று நாளில் தலைகாட்டும், கேழ்வரகு கொஞ்சம் பொறுத்து வரும். கொலு தொடங்க ஐந்தாறு நாள் இருக்கும்போதே போட்டுவிட்டால் அன்றைக்குப் பச்சைப் புல்வெளி தயார். நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து ஓரத்தில் மண் அணைத்தால் அதுதான் குளம். ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம், கோலமாவில் பாதை போடலாம். தீப்பெட்டியில் வீடு, ஐஸ்கிரீம் குச்சியில் வேலி, வீட்டில் கிடக்கும் பொம்மைக் கார்கள். போன வருஷம் எங்கள் பார்க்கில் நம் அபார்ட்மென்டையே செய்தோம். கேட், செக்யூரிட்டி, தண்ணீர் லாரி எல்லாம் இருந்தது. தண்ணீர் லாரிக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம்.

மரப்பாச்சி ஜோடி உள்ள வீடுகளில் அதற்கு உடை தைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ரவிக்கை தைத்து மிஞ்சிய ஜரிகைத் துண்டு போதும். செட்டியார் பொம்மை முன்னால் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகு நிரப்பி வையுங்கள். அவரும் என்னைப் போலக் கணக்குப் பிள்ளைதான், கடையை நிறைவாக வைத்தால் சந்தோஷப்படுவார்.

கொலு வழக்கம் இல்லாத வீடுகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. வாசலில் மாவிலைத் தோரணம், அரிசி மாவுக் கோலம், ஓரத்தில் காவி. பெரிய பித்தளைப் பாத்திரத்திலோ சட்டியிலோ தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விட்டால் பார்க்கிற கண்ணுக்குக் குளிர்ச்சி. இதற்கு எந்த மதமும் தடையில்லை. காரிடாரில் நடக்கும் பாதையை அடைக்காமல் போடுங்கள் என்பது மட்டும் சங்கத்தின் வேண்டுகோள். ஈர மாக்கோலம் காய்கிற வரை டைல்ஸ் வழுக்கும், அடுத்த வீட்டுத் தாத்தாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவுக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாமந்தி விலை கேட்டால் நமக்கே வியர்க்கும். நான்கைந்து வீடு சேர்ந்து, ஒருவர் கோயம்பேடு போய் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் நிச்சயம் மிச்சம்தான். இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிவிடலாம். ஈரமில்லாமல் செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சாமந்தி தாக்குப்பிடிக்கும். மல்லிகை, முல்லையை மட்டும் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

விளக்குக்கு ஒரு சின்னக் கணக்கு. எல்.இ.டி. சரம் 8 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 5 மணி நேரம், 10 நாள் எரிந்தால் 400 வாட்-மணி. அரை யூனிட் கூட இல்லை. அதே நேரத்துக்கு 500 வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட் போட்டால் 25 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், அந்த எல்லையில் இருக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சரம் எரியும் மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே வரட்டும், காரிடார் பிளக்கிலிருந்து வேண்டாம். அது எல்லாருடைய பணம். பொருளாளர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

அதே சரத்தை ஐப்பசியில் பால்கனிக்கு மாற்றினால் தீபாவளி அலங்காரம் முடிந்தது. மழைச்சாரல் படும் இடத்தில் இணைப்புகள் வேண்டாம். கார்த்திகைக்குப் போன வருஷத்து அகலையே சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும். புது அகல் வாங்கினால் சில மணி நேரம் தண்ணீரில் போட்டுக் காயவைத்துப் பிறகு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பாதி எண்ணெயை அகலே குடித்துவிடும்.

இனி கணக்கு நோட்டைப் பிரிக்கிறேன். போன வருஷம் எங்கள் வீட்டு நவராத்திரிச் செலவு: புதுப் பொம்மை ஒன்று 450 ரூபாய், பூ 620, பார்க்குக்கு 30, ஒரு விளக்குச் சரம் 180, சுண்டலுக்கான மளிகை 900, வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பழம், வந்த 40 பேருக்குத் தலா 20 ரூபாய் வீதம் 800. ஆக மொத்தம் 2,980. அலங்காரம் மட்டும் என்று பார்த்தால் 1,280. மாதம் 250 ரூபாய் ஆர்.டி. கட்டினால் ஒரு வருஷத்தில் 3,000 வந்துவிடும், வட்டி போனஸ். கிரெடிட் கார்டு, தவணை என்று எதற்கும் போக வேண்டியதில்லை.

இதில் அலங்காரச் செலவு யாரையும் நெருக்குவதில்லை என்பது தெரிகிறதா? வேட்டியும் டிரங்குப் பெட்டியும் கேழ்வரகும் யாருக்கும் பாரமில்லை. பாரமாக இருப்பது அந்தக் கடைசி வரி. எங்கள் வீட்டில் 800. நம் வளாகத்தில் சில வருஷமாக நடப்பது என்ன? ஒரு வீட்டில் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இன்னொரு வீட்டில் குட்டிப் பித்தளை விளக்கு. அதற்கடுத்து பெயர் அச்சடித்த பை, அதற்குள் மூன்று சாமான். நம் பிளாக்கில் மட்டும் 48 வீடு. ஒரு பரிசுக்கு 150 ரூபாய் என்றால் 7,200. இருபது ரூபாய் என்றால் 960. நடுவில் இருக்கிற 6,240 ரூபாய் எதற்காக?

பல வருஷமாகக் கொலு வைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இரண்டு வருஷமாக வைக்கவில்லை. எந்த வீடு என்று சொல்ல மாட்டேன், தயவுசெய்து நீங்களும் ஊகிக்க வேண்டாம். முட்டி வலி, பரணில் ஏற முடியவில்லை என்று வெளியே சொன்னார்கள். என்னிடம் மட்டும் வேறு காரணம் சொன்னார்கள். "வர்றவங்க கையிலே வெறும் வெற்றிலை பாக்கு எப்படிக் கொடுக்கறது? எல்லார் வீட்டிலும் வாங்கிண்டு வந்தாச்சே" என்றார் அந்த அம்மா. வைக்காதது மட்டுமில்லை, மற்றவர்கள் கூப்பிட்டால் போவதையும் நிறுத்திவிட்டார்கள். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற பயம். பொம்மைகள் பெட்டியில்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக் கொலுவை நான் பார்த்திருக்கிறேன். நம் வளாகத்தில் அதைப் போலப் பழைய மண்பொம்மைகள் வேறு வீட்டில் இல்லை.

எனக்கு வங்கி ஓய்வூதியம் வருகிறது. நம்மில் பலருக்கு அப்படி இல்லை. தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இ.பி.எஸ். ஓய்வூதியம். அதில் 2014-ல் குறைந்தபட்சத் தொகை என்று நிர்ணயித்ததே மாதம் 1,000 ரூபாய்தான். அப்படி ஒரு வீட்டில் 7,200 ரூபாய் என்றால் அது பல மாத ஓய்வூதியம். இந்த வருஷம் இன்னும் இரண்டு வீடுகள் யோசிக்கின்றன என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் இதைச் சொன்னபோது ஒரு தோழி கேட்டார், "கொடுக்கிறது சந்தோஷம்தானே, வசதி இருக்கிறவர்களை ஏன் தடுக்க வேண்டும்?" என்று. நியாயமான கேள்விதான். தங்கை, நாத்தனார், நெருங்கிய சிநேகிதி இவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள், அதை வீட்டுக்குள் தனியாகக் கொடுங்கள். 48 வீட்டுக்கும் வரிசையாகக் கொடுக்கும்போது அது கடனாகிவிடுகிறது. வாங்கியவர் மனதில் பற்று எழுதிக்கொள்கிறார். அப்படிச் சுற்றுகிற சாமானும் யாருக்கும் பயன்படுவதாகத் தெரியவில்லை. நான் கொடுத்த ரவிக்கைத் துணி ஒன்று மூன்றாம் வருஷம் வேறு ஒரு வீட்டிலிருந்து எனக்கே வந்தது. மடிப்புக் கூடக் கலையவில்லை. வங்கியில் செக் ரிட்டர்ன் ஆகிப் பார்த்திருக்கிறேன், பிளவுஸ் பிட் ரிட்டர்ன் ஆகி அப்போதுதான் பார்த்தேன்.

அதனால் நிர்வாகக் குழுவின் முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன். வளாகத்துக்குள் கொலுத் தாம்பூலம் என்றால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம், சுண்டல், அவ்வளவுதான் என்று நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தும் தீர்மானமாக வேண்டாம், வேண்டுகோளாக இருந்தால் போதும். சுண்டலைப் பிளாஸ்டிக் கப்பில் கொடுக்காமல் தொன்னையில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, "சிறந்த கொலு" பரிசை இந்த வருஷம் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தில் உதவி தேவைப்படுகிற வீடுகளுக்குப் பரணிலிருந்து பெட்டி இறக்கி ஏற்ற இரண்டு ஆள் வைக்க வேண்டும். முட்டி வலி என்ற காரணமும் பொய்யில்லை. மூன்றாவது, கூப்பிடும்போது எல்லாரையும் கூப்பிடுவோம். கணவர் இல்லாதவர், தனியாக இருக்கிறவர், குழந்தை இல்லாதவர் என்று கதவைப் பார்த்துத் தாண்டிப் போகிற பழக்கம் இன்னும் சில தளங்களில் இருக்கிறது. பார்க்கைப் பார்க்கவும் சுண்டல் சாப்பிடவும் எந்தத் தகுதியும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் உபரியாக இரண்டு பெஞ்சும் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியும் இருக்கின்றன. படி கட்ட வேண்டுகிறவர்கள் செக்யூரிட்டி மேஜையில் வைத்திருக்கும் நோட்டில் வீட்டு எண்ணை எழுதினால், மகாளய அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தரச் சொல்கிறேன். தங்களிடம் உபரி மணைப்பலகை, வேட்டி, விளக்குச் சரம் இருக்கிறவர்களும் அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். இடப்பக்கம் வேண்டும், வலப்பக்கம் தருகிறேன். இரண்டு பக்கமும் டேலி ஆகிறதா என்று தினம் சாயங்காலம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.